இரவல் சில்லு

வியாழக்கிழமை, எல் ஆல்தோ சந்தை.
தார்ப்பாய் விரிக்கும்போதே விரல் விறைக்கிறது.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
காற்றுகூட நீர்மோராகத்தான் கிடைக்கும்;
விசிறி எவ்வளவு சுற்றினாலும்
சூடு லேசில் இறங்காது.

எலியோதோரா சோக்கே
முட்டை அட்டைகளில் சில்லுகளை அடுக்குகிறாள்,
குழிக்கு ஒன்று:
நானூற்று எழுபத்தெட்டுக் கால் உள்ளவை,
காலே இல்லாமல் வழுவழுவென்று தகடாய் இருப்பவை,
தொள்ளாயிரத்து நாற்பது என்று
ஒரே கணக்கைச் சொல்லிக்கொண்டு
ஒன்றின் இடத்தில் மற்றது உட்கார மறுப்பவை.
"கணக்கை நம்பாதீர்கள்.
எந்த மூலையில் ஓட்டை இல்லை, அதைப் பாருங்கள்."

வளைந்த காலை நிமிர்த்த
குச்சி எடுத்த மைக்ரோ டிப் பென்சில்.
எண் படிக்க, கைப்பிடி உடைந்த பூதக்கண்ணாடி.

ஒரு சில்லுக்கு மட்டும் அட்டையில் இடமில்லை.
அது பாவாடைப் பையில், தீப்பெட்டிக்குள்.
செலரான்.
வெளிவந்த வருஷத்திலேயே மட்டம் என்று பேர் எடுத்தது.
யார் விலை கேட்டாலும்
கேட்காததுபோல் இருப்பாள்.

பத்தரைக்கு செவெரோ தித்திர்க்கோ வந்தான், சண்டைக்கு.
பேண்டு குழுவில் தூபா ஊதுகிறவன்;
அந்த மூச்சில் கத்தினால்
பழைய டயர் விற்கும் வரிசைவரை திரும்பும்.

"போன வாரம் நீ விற்றது பலகை இல்லை, பிணம்.
நாலு கோர் சில்லு வாங்கினேன்,
அச்சாய் உட்கார்ந்தது,
நெம்புகோல் மூடியது,
விசிறி சுற்றுது,
திரை மட்டும் கறுப்பு."

"உட்கார்ந்ததில்ல?"
"உட்கார்ந்தது."
"அப்போ சாக்கெட்டோடு தகராறு இல்லை.
பலகை முந்தி வந்தது, சில்லு பிந்தி வந்தது.
பேர் தெரியாத ஆள் ராத்திரி கதவைத் தட்டினால்
நீ திறப்பாயா?"
"பேரைச் சொல்லிக்கொடேன்!"
"விழித்திருந்தால் சொல்லலாம்.
இதை வைத்தால் அது விழிக்காதே."

தீப்பெட்டி திறந்தது.

பென் டிரைவ் செருகி, செலரானை அமர்த்தி,
பக்கத்துக் கடைப்பக்கம் திரும்பினாள்:
"பெர்பெத்துவா, மிக்ஸியைத் தொடாதே, நாலு நிமிஷம்!"
இரண்டு கடைக்கும் மின்சாரம் ஒரே ஒயரில்.
நடுவில் போனால்
பலகை நிஜமாகவே பிணம்.

கேரட் ஜூஸுக்குக் காசு நீட்டிய சிறுவன்
நீட்டியபடியே நின்றான்.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
அறுபத்தொன்றில் நின்றுவிட்டது.
செவெரோவும் மூச்சை நிறுத்தினான்,
எங்கே எடுக்கவேண்டும் என்று மறந்தவன் மாதிரி.
எலியோதோரா திரையைப் பார்க்கவில்லை,
ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அறுபத்திரண்டு.

பிறகு அவனையே மாட்டச் சொன்னாள்.
பித்தளை அமுக்கிக் காய்த்த விரல்கள்,
ஊசிமுனைப் படுகைக்கு மேல் நடுங்கின.
"அழுத்தாதே. விடு. அதுவே உட்காரும்."
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில்
சில்லின் பேர், எண், எல்லாம்.
ஒருமுறை படித்தான்,
சத்தமாக இன்னொருமுறை.

காசு எடுத்தான்; அவள் கை நீட்டவில்லை.
"ரெக்கார்டிங் பண்ணத்தானே? போ."

சாயங்காலம் பையைத் தடவினாள்.
தீப்பெட்டி இல்லை.

அடுத்த ஞாயிறு கறுப்புத் திரையோடு வந்த பெண்ணை
வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாள்.
செவெரோ, டிரம்மருக்குக் கொடுத்ததாகச் சொன்னான்.
டிரம்மர், வியாச்சாவில் ஒரு மச்சானுக்கு.
மச்சானுக்குப் போன் இல்லை.
எலியோதோரா அன்றைக்கு
மூன்று பேரிடம் எரிந்து விழுந்தாள்,
ஒருத்தருக்குத் தப்பான விசிறி விற்றாள்.

நாலாவது வாரம்
பள்ளிச் சீருடையில் ஒருத்தி வந்தாள்,
பிஸ்கட் தாளில் மடித்து.
"உங்களுதாம், தரச் சொன்னாங்க."
"யாரு?"
"எனக்குத் தந்தவங்க.
அவங்களுக்கும் யாரோ."

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.
சாம்பல் பசை, அரைகுறையாகத் துடைத்தது.
அதில் ரேகைகள்,
ஒரே கட்டைவிரலுடையவை அல்ல.
நகத்தால் சுரண்டப் போனவள்
சுரண்டாமல் பைக்குள் போட்டாள்.

"தீப்பெட்டி எங்கே?" என்றாள், இன்னும் கோபமாகத்தான்.
சிறுமி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.
மிக்ஸி ஓட ஆரம்பித்திருந்தது.